1999 ஏப்ரல் 26: எழும்பாத கணினிகள்

வைரஸ் மென்பொருளைத்தான் கெடுக்கும், இயந்திரத்தைத் தொடாது என்று நம்பியிருந்த காலம். அன்று உலகெங்கும் விண்டோஸ் 95, 98 கணினிகள் பல திடீரென நின்றன, மீண்டும் எழும்பவில்லை.

தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் 1998இல் எழுதிய சீ.ஐ.எச் வைரஸ்தான் காரணம். செர்னோபில் அணுவுலை வெடித்த அதே திகதி என்பதால் அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. சில மதர்போர்டுகளில் பயோஸ் சிப்பையே அழித்தது. சிப்பை மாற்றினால் போர்ட் பிழைக்கும்.

ஹார்ட் டிஸ்க்கில் பூச்சியமாக்கியது முதல் 1 மெகாபைட்டை மட்டும்தான், கவனியுங்கள்! புத்தகத்தின் பொருளடக்கம் கிழிந்த மாதிரி. பக்கங்கள் அப்படியே இருந்தன. பெரிய டிஸ்க்குகளில் பொருளடக்கத்தின் இரண்டாவது பிரதியும் தப்பியிருந்தது. அதை வைத்துக் கோப்புகளை மீட்கலாம். அவசரப்பட்டு போர்மட் அடித்த இடங்களில் அந்தப் பிரதியும் போனது. (எங்கள் ஊர்க் கடைகளில் இன்றும் முதல் மருந்து அதுதானே!)