பெரிய இரைப்பைப் பிதுக்கமும் நுண்துளை அறுவைச் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இரைப்பையின் பெரும்பகுதி உதரவிதானத்தின் வழியாக மார்புக்குள் ஏறிவிடும் நோய்க்குச் செய்யப்படும் நுண்துளை அறுவைச் சிகிச்சையின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவிகளின் வளர்ச்சியைக் காட்டிலும், அறுவைக்குப் பின் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்காணித்ததே இச்சிகிச்சையைச் செம்மைப்படுத்தியது என்பது கட்டுரையின் கருத்து. தமிழகத்தின் எல்லையோர ஊர்களுக்கு அக்கண்காணிப்பு எவ்வாறு பொருந்தும் என்பது பொதட்டூர்பேட்டையை முன்வைத்து நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உதரவிதானம், இரைப்பைப் பிதுக்கம், நுண்துளை அறுவைச் சிகிச்சை, மறுநிகழ்வு, மருத்துவ வரலாறு.

முன்னுரை

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை உதரவிதானம். உணவுக்குழாய் வயிற்றுக்குள் இறங்குவதற்கு அதில் ஓர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளி அகன்று, இரைப்பை அதன் வழியே மார்புக்குள் ஏறுவதே மருத்துவமனைகளில் 'ஹயாட்டஸ் ஹெர்னியா' என வழங்கப்படுகிறது. ஹெர்னியாவுக்குத் தமிழில் வேரூன்றிய சொல் 'குடலிறக்கம்'. இந்நோயிலோ பெரும்பாலும் இடம்பெயர்வது குடல் அன்று, இரைப்பை. அதுவும் இறங்குவதில்லை, ஏறுகிறது. எனவே இக்கட்டுரையில் 'இரைப்பைப் பிதுக்கம்' என்னும் சொல் ஆளப்படுகிறது. இரைப்பையின் மூன்றிலொரு பங்கோ பாதியோ அதற்கு மேலோ மார்புக்குள் சென்றிருப்பின் அது பெரிய பிதுக்கம் எனக் கொள்ளப்படுகிறது. நெஞ்செரிச்சல், உணவு விழுங்குவதில் தடை, மூச்சுத் திணறல், இரத்தச்சோகை ஆகியன இதன் அறிகுறிகள். இரைப்பை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைப்பட்டால் உயிருக்கே ஊறு நேரும்.

பிணக்கூறாய்விலிருந்து அறுவை மேசைக்கு

நீண்ட காலம் இந்நோய் இறந்தவர் உடலிலேயே பெரிதும் கண்டறியப்பட்டது. பாஸ்டன் நகர மருத்துவர் ஹென்றி இங்கர்சால் பௌடிச் 1610 முதல் 1846 வரை பதிவான உதரவிதானப் பிதுக்கங்களைத் தொகுத்து, 1853இல் நூலாக வெளியிட்டார். 1895இல் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்ட பின்னரே உயிருள்ளவரிடம் இதனைக் காண்பது எளிதாயிற்று. 1919இல் ஆஞ்சலோ சொரேசி, இரைப்பையைக் கீழிறக்கி உதரவிதான இடைவெளியைத் தைத்துச் சுருக்கும் முறையை விளக்கினார். 1926இல் சுவீடன் நாட்டு ஆக்கர்லுண்ட் இப்பிதுக்கங்களை மூவகையாகப் பகுத்தார்.

1951இல் பிலிப் அல்லிசன், நெஞ்செரிச்சலுக்கும் இப்பிதுக்கத்திற்கும் உள்ள தொடர்பை விளக்கித் தம் அறுவை முறையை வெளியிட்டார். ருடால்ஃப் நிசன், இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றிப் போர்த்தித் தைக்கும் முறையை 1956இல் அறிவித்தார். 1967இல் ஸ்கின்னரும் பெல்சியும் தந்த ஒரு பதிவு பெரும் தாக்கத்தை விளைவித்தது. அறிகுறிகள் மிகக் குறைவு என்பதால் அறுவை செய்யப்படாத 21 பேரில் 6 பேர் இந்நோயின் சிக்கல்களால் இறந்தனர் என அது தெரிவித்தது. பெரிய பிதுக்கம் கண்டறியப்பட்டால் அறுவை செய்தேயாக வேண்டும் என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றது. அன்றைய அறுவையோ மார்பையோ வயிற்றையோ நீளக் கிழித்துச் செய்யப்படுவது. இந்நோயாளிகளுள் பலர் முதியவர் ஆதலின், காயமே அவர்களுக்குப் பெரும் சுமையாயிற்று.

நுண்துளை முறையின் வருகை

வயிற்றினுள் காற்றைச் செலுத்திக் குழாய்க் கருவியால் நோக்கும் முறையை 1901இல் கெல்லிங் நாயிடம் செய்து காட்டினார். 1910இல் யாகோபேயஸ் அதனை மனிதரிடம் மேற்கொண்டதை வெளியிட்டார். 1980இல் குர்ட் செம் குடல்வாலையும், 1985இல் எரிக் மூஹே பித்தப்பையையும் இம்முறையில் அகற்றினர். இந்தியாவில் 1990இல் பம்பாயில் தெஹம்டன் உத்வாடியா பித்தப்பை நுண்துளை அறுவையைத் தொடங்கிவைத்தார். 1991இல் பெல்ஜியத்தில் டாலமான் நிசன் முறையை நுண்துளை வழியே செய்தார். 1992இல் ஆல்ஃபிரட் குஷியரியும் அவர்தம் குழுவினரும் பெரிய பிதுக்கத்தையே இவ்வழியில் சீரமைத்ததை வெளியிட்டனர்.

தமிழகத்தில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் கோயம்புத்தூர் சி. பழனிவேலு. 1991இல் அந்நகரில் நுண்துளை அறுவையைத் தொடங்கிய அவர், 2001இல் ஜெம் மருத்துவமனையை நிறுவினார். நோயாளியைக் குப்புறக் கிடத்தி, மார்பு வழி நுண்துளைகளால் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை செய்த 130 பேரின் பட்டறிவை அவர்தம் குழு 2006இல் வெளியிட்டது. உணவுக்குழாயைச் சூழ்ந்த குறுகிய பரப்பில் நுண்துளைக் கருவிகளைக் கையாளும் திறம் தமிழகத்திலேயே உருவாகிவிட்டது என்பதற்கு இது சான்று.

பெரிய பிதுக்கத்திற்கான அறுவையில் வழக்கமாக ஐந்து சிறு துளைகள் இடப்படுகின்றன. கரியமில வாயுவால் வயிறு விரிக்கப்படுகிறது. ஏறிய இரைப்பை கீழிறக்கப்படுவதோடு, அதனைச் சூழ்ந்து மார்புக்குள் அமைந்த சவ்வுப் பையும் பிரித்தெடுக்கப்படுகிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதி ஏறத்தாழ 3 செ.மீ. அளவுக்கு இழுவிசையின்றி வயிற்றுக்குள் தங்குமாறு விடுவிக்கப்படுகிறது. பின்னர் இடைவெளி தைக்கப்பட்டு, இரைப்பையின் மேற்பகுதி போர்த்தப்படுகிறது.

மறுநிகழ்வு எழுப்பிய வினா

காயம் சிறியது என்பதால் சீரமைப்பும் நிலைக்கும் என்று கொள்ள இயலாது. 2000இல் ஹஷேமியும் பிறரும் வெளியிட்ட ஆய்வு இதனை உணர்த்தியது. அறுவைக்குப் பின் மீண்டும் எக்ஸ் கதிர்ச் சோதனைக்கு உட்பட்டோருள், நுண்துளை முறையில் 42 விழுக்காட்டினரிடமும் திறந்த முறையில் 15 விழுக்காட்டினரிடமும் பிதுக்கம் மீண்டும் காணப்பட்டது. மூச்சுக்கு மூச்சு அசையும் தசையில் இடப்பட்ட தையல் இழுவிசையால் தளர்கிறது என்பது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. தையலுக்கு வலுவூட்ட வலை பொருத்தும் முறை பரவலாயிற்று. 2006இல் ஓல்ஷ்லாகர் குழு 108 பேரிடம் மேற்கொண்ட ஒப்பீட்டாய்வில், உடலில் கரையும் வலை பொருத்தியோரிடம் ஆறு மாதத்தில் மறுநிகழ்வு 9 விழுக்காடு. தையல் மட்டும் இட்டோரிடம் 24 விழுக்காடு. வலையே விடை எனத் தோன்றியது.

அதே குழு அந்நோயாளிகளை மேலும் தொடர்ந்து கண்காணித்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் முடிவை 2011இல் அறிவித்தபோது, மறுநிகழ்வு தையல் மட்டும் இட்டோரிடம் 59, வலை பொருத்தியோரிடம் 54 விழுக்காடாக இருந்தது. வேறுபாடு மறைந்துவிட்டது. எனினும் பெரும்பாலோரின் அறிகுறிகள் தணிந்தே இருந்தன; மறு அறுவை தேவைப்பட்டோர் மிகச் சிலரே. ஆறு மாதத்தில் நிறுத்தியிருந்தால் இவ்விரு உண்மைகளும் வெளிப்பட்டிரா.

இது நுண்துளை முறைக்கே உரிய குறையும் அன்று. திறந்த முறையில் தாம் செய்த அறுவைகளை இருபது ஆண்டுக்குப் பின் மீள்நோக்கிய அல்லிசன், ஏறத்தாழப் பாதிப் பேரிடம் நோய் மீண்டதை 1973இல் தாமே வெளியிட்டிருந்தார். அறிகுறியற்றோருக்கும் அறுவை வேண்டும் என்ற கொள்கையும் 2002இல் ஸ்டைலோபூலஸ் குழுவின் கணக்கீட்டால் தளர்ந்தது. அத்தகையோருக்கு அவசர நிலை ஏற்படும் வாய்ப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.1 விழுக்காடே என அக்குழு மதிப்பிட்டது.

எல்லையோர ஊரும் தொடர் கண்காணிப்பும்

திருத்தணிப் பகுதி 1960இல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துடன் இணைந்தது. அப்பகுதியைச் சார்ந்த பொதட்டூர்பேட்டை நெசவை வாழ்வாதாரமாகக் கொண்ட ஊர். தறியை நிறுத்தினால் வருவாய் நிற்கும் குடும்பத்திற்கு, விரைவில் எழுந்து நடமாட உதவும் நுண்துளை முறையின் பயன் தழும்பின் அளவைச் சார்ந்ததன்று. இழக்கும் வேலை நாள்களைச் சார்ந்தது. 2009இல் தொடங்கி 2012இல் புதிய வடிவம் பெற்ற அரசுக் காப்பீட்டுத் திட்டம் வறியோர் தனியார் மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெற வழிவகுத்தது. 2022இல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் அமைந்தது.

ஆயினும் இவ்வூரார்க்குச் சென்னை, வேலூர், ஆந்திரத்துத் திருப்பதி ஆகிய மூன்று திசைகளிலும் பெரிய மருத்துவமனைகள் உண்டு. ஓரிடத்தில் அறுவை செய்துகொண்டவர் பின்னர் வேறிடத்தில் சோதனை செய்துகொண்டால், இரு மாநிலங்களில் சிதறிய அப்பதிவுகள் ஒன்றுசேர்வது அரிது. நலமாக இருப்பதாக உணர்பவர் ஒருநாள் கூலியை இழந்து சோதனைக்கு வருவதும் அரிது. திரும்பி வராதோரை நலமடைந்தோர் எனக் கணக்கிடும் வழக்கம் இருக்குமாயின், அங்கு மறுநிகழ்வு குறைவாகவே தோன்றும்.

முடிவுரை

இரைப்பைப் பிதுக்க அறுவையின் வரலாற்றில் ஒவ்வொரு புதிய முறையும் தொடக்கத்தில் வெற்றியாகவே தோன்றியது. நெடுநாள் கண்காணிப்பே அதன் எல்லையைக் காட்டியது. அதே கண்காணிப்புதான், படத்தில் நோய் மீண்டபோதும் நோயாளியின் துன்பம் தணிந்திருப்பதையும் புலப்படுத்தியது. நுண்துளைக் கருவிகளும் அவற்றைக் கையாளும் திறமும் தமிழகத்தில் வேரூன்றி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே ஆண்டுச் சோதனை, அறுவை செய்த மருத்துவமனையுடன் பதிவைப் பகிர்தல் ஆகியன உடன் அமையும்போதுதான், பொதட்டூர்பேட்டை போன்ற ஊரின் நோயாளிக்கு அச்சிகிச்சை என்ன பயன் தந்தது என்பதைச் சான்றுடன் கூற இயலும்.