ஓர் ஊர், ஒரு பட்டாலியன்: முதலாம் உலகப்போரில் கிழக்கு லங்காஷயர் படையணியின் அமைப்பு

1916 ஜூலை 1ஆம் திகதி காலை, வட பிரான்ஸின் செர் என்ற கிராமத்தை நோக்கி இங்கிலாந்தின் அக்ரிங்டன் நகரையும் அதன் அயலூர்களையும் சேர்ந்த சுமார் 720 பேர் முன்னேறினர். அன்றைய கணக்கில் அவர்களில் 584 பேர் கொல்லப்பட்டவர்கள், காயமடைந்தவர்கள் அல்லது காணாமற்போனவர்கள். இழப்பின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திற்குள் நேர்ந்தது.

சுமார் 45 ஆயிரம் பேர் வாழ்ந்த ஒரு பருத்தி ஆலை நகரின் ஆண்கள் இத்தனை பேர் ஒரே காலையில், ஒரே வயல்வெளியில் வீழ்ந்தது தற்செயலானதல்ல. பிரித்தானியக் காலாட்படை ஊர் அடிப்படையில் ஒழுங்கமைக்கப்பட்டிருந்ததன் நேரடி விளைவு அது.

கவுண்டியின் பெயரில் படையணி

1881இல் போர்த்துறை அமைச்சராக இருந்த ஹியூ சில்டர்ஸின் சீர்திருத்தம், அதுவரை இலக்கங்களால் அறியப்பட்ட காலாட்படைப் பிரிவுகளைப் பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைத்து அவற்றுக்கு கவுண்டிகளின் பெயரைச் சூட்டியது. கவுண்டி என்பது ஏறத்தாழ எமது மாவட்டத்தைப் போன்ற ஒரு பிரிவு. 30ஆவது, 59ஆவது பிரிவுகள் இணைந்து கிழக்கு லங்காஷயர் படையணியாகின.

படையணி என்றதும் ஒரு தளபதியின் கீழ் ஒன்றாகச் சண்டையிடும் அணியையே நாம் நினைக்கிறோம். பிரித்தானியக் காலாட்படையில் நிலைமை வேறு. அங்கே படையணி என்பது ஆட்சேர்ப்பு, பயிற்சி, சின்னம், மரபு ஆகியவற்றுக்கான தாய்வீடு. களத்திற்குச் சென்றவை அதன் பட்டாலியன்கள். அவை ஒன்றாகச் சென்றதும் இல்லை.

1914இல் கிழக்கு லங்காஷயர் படையணியின் 1ஆவது பட்டாலியன் இங்கிலாந்தின் கொல்செஸ்டரிலும் 2ஆவது பட்டாலியன் தென்னாபிரிக்காவிலும் நிலைகொண்டிருந்தன. இவை இரண்டும் நிரந்தரப் படைகள். பிரெஸ்டன் நகரில் இருந்த 3ஆவது, களத்திற்கு ஆட்களை அனுப்பும் சேமப் பட்டாலியன். பிளாக்பேர்ன் நகரின் 4ஆவதும் பேர்ன்லி நகரின் 5ஆவதும் பகுதிநேரத் தொண்டர் படைகள். தறியிலும் கடையிலும் வேலை செய்தபடி மாலையிலும் வார இறுதியிலும் பயிற்சி பெற்றவர்கள் இவற்றில் இருந்தனர்.

போர் தொடங்கியதும் கிச்சனர் பிரபு புதிய இராணுவத்திற்கு ஆட்களைக் கோரினார். 6ஆவது முதல் புதிய பட்டாலியன்கள் உருவாகின. ஒரே தொப்பிச் சின்னத்தை அணிந்த இவர்கள் பல திசைகளில் சிதறினர். 4ஆவதும் 5ஆவதும் எகிப்து வழியாக கலிப்பொலிக்குச் சென்றன. 6ஆவது கலிப்பொலியிலும் பின்னர் இன்றைய ஈராக்கிலும் போரிட்டது. 7ஆவதும் 8ஆவதும் பிரான்ஸுக்கும், 9ஆவது கிரேக்கத்தின் சலோனிக்காவுக்கும் அனுப்பப்பட்டன.

தோழர்களின் பட்டாலியன்

11ஆவது பட்டாலியனைத் திரட்டியவர் அக்ரிங்டன் நகர மேயர் ஜோன் ஹார்வுட். 1914 செப்டெம்பரில் ஏறத்தாழ 10 நாட்களில் ஆயிரம் பேர் வரையில் சேர்ந்தனர். போர் காரணமாக ஆலைகளில் வேலை குறைந்து பல குடும்பங்கள் வருமானமின்றி இருந்த காலம் அது. ஒன்றாகச் சேருபவர்கள் ஒன்றாகவே பணியாற்றலாம் என்ற வாக்குறுதியும் இருந்தது. சகோதரர்களும், ஒரே தெருவில் வளர்ந்தவர்களும், ஒரே ஆலையில் வேலை செய்தவர்களும் சேர்ந்தே பெயர் கொடுத்தனர். இவ்வகைப் பட்டாலியன்களை மக்கள் 'பால்ஸ்', அதாவது தோழர்கள் என்று அழைத்தனர்.

முழுப் பலத்துடனான ஒரு பட்டாலியனில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருப்பர். அவர்களில் 30 பேர் அதிகாரிகள். தலைமை லெப்டினன்ட் கேணல் ஒருவரிடம் இருக்கும். அதன் கீழ் நான்கு கம்பனிகள். ஒவ்வொன்றிலும் 227 பேர், தலைமையில் மேஜர் அல்லது கப்டன். கம்பனிக்கு நான்கு பிளட்டூன்கள், பிளட்டூனுக்கு நான்கு செக்ஷன்கள். செக்ஷனில் சுமார் 12 பேர். ஒரு சிப்பாயின் அன்றாட உலகம் இந்தப் பன்னிரண்டு பேர்தான்.

அக்ரிங்டன் பட்டாலியனில் கம்பனிகளும் ஊர் வாரியாகவே பிரிக்கப்பட்டன. டபிள்யூ கம்பனி அக்ரிங்டன் நகரத்தவர், எக்ஸ் கம்பனி அயலூர்க்காரர், வை கம்பனி சோர்லி நகரத்தவர், இஸட் கம்பனி பேர்ன்லி நகரத்தவர். ஆகவே ஒரு கம்பனி அழிந்தால் எந்த ஊரில் சாவு விழும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது.

கட்டளை வேறு, படையணி வேறு

களத்தில் நான்கு பட்டாலியன்கள் சேர்ந்து ஒரு பிரிகேட், மூன்று பிரிகேட்கள் சேர்ந்து ஒரு டிவிஷன். 11ஆவது கிழக்கு லங்காஷயர், 31ஆவது டிவிஷனின் 94ஆவது பிரிகேட்டில் இருந்தது. அதே பிரிகேட்டின் மற்றைய மூன்றும் வேறு கவுண்டியின் யோர்க் அன்ட் லங்காஸ்டர் படையணியைச் சேர்ந்தவை: ஒன்று ஷெஃபீல்ட் நகரத்தது, இரண்டு பார்ன்ஸ்லி நகரத்தவை. அவையும் தோழர்களின் பட்டாலியன்களே.

அதே ஜூலை 1ஆம் திகதி, செர் கிராமத்திலிருந்து சில கிலோமீற்றர் தெற்கே, போமொன் ஹமெல் அருகில் கிழக்கு லங்காஷயரின் 1ஆவது பட்டாலியனும் தாக்குதலில் இறங்கியது. அது 4ஆவது டிவிஷனின் கீழ் இருந்தது. ஒரே படையணியின் இரண்டு பட்டாலியன்கள், ஒரே நாளில், அடுத்தடுத்த டிவிஷன்களில், வெவ்வேறு கட்டளைகளின் கீழ் அழிவைச் சந்தித்தன. அன்றைய தினம் பிரித்தானியத் தரப்பின் மொத்த இழப்பு 57,470. அதில் இறந்தோர் 19,240.

வீட்டுக்கு வந்த செய்தி

அதிகாரிகள் இறந்தால் குடும்பத்திற்குத் தந்தி போகும். சாதாரண சிப்பாய் இறந்தால் பதிவு அலுவலகத்திலிருந்து தபாலில் ஓர் அச்சுப் படிவம் வரும். அதன் இலக்கம் பி 104-82. காணாமற்போனவர்களுக்கு பி 104-83. பெயர், இலக்கம், பட்டாலியன், திகதி என்பன மட்டும் கையால் நிரப்பப்பட்டிருக்கும்.

1916 ஜூலையில் முதலில் வந்த பத்திரிகைச் செய்திகள் தாக்குதல் வெற்றி என்ற தொனியில் இருந்தன. ஆனால் காயமடைந்தவர்களின் கடிதங்கள் வரத் தொடங்கியதும் வதந்தி பரவியது. உண்மையைச் சொல்லுமாறு கோரி அக்ரிங்டன் பெண்கள் மேயரின் வீட்டைச் சூழ்ந்துகொண்டதாக நகர வரலாறு கூறுகிறது.

காணாமற்போனவர்களைத் தேடும் பணியை செஞ்சிலுவைச் சங்கம் மேற்கொண்டது. அது அச்சிட்ட விசாரணைப் பட்டியல்கள் படையணி, பட்டாலியன், கம்பனி என்ற ஒழுங்கில் அமைந்தவை. தொண்டர்கள் அப்பட்டியலோடு வைத்தியசாலைகளுக்குச் சென்று, அதே கம்பனியைச் சேர்ந்த காயக்காரரிடம் 'இவரைக் கடைசியாக எங்கே கண்டீர்கள்?' என்று விசாரித்தனர். ஒரே ஊரவர் என்பதால் பதில் சொல்லக்கூடியவர்களும் இருந்தனர்.

செர் களத்தில் கிடந்த பலரின் உடல்கள், 1917 பெப்ரவரியில் ஜேர்மனியர் பின்வாங்கும்வரை எடுக்கப்படவில்லை. அக்காலத்தில் சிப்பாயிடம் இருந்தது ஒரேயொரு அடையாளத் தகடு. மரணத்தைப் பதிவு செய்வதற்காக அது எடுக்கப்பட்டால், உடல் அடையாளமின்றிப் போய்விடும். 1916 செப்டெம்பரில்தான் இரண்டு தகடுகள் வழங்க உத்தரவிடப்பட்டது: சிவப்பு பதிவுக்கு, பச்சை உடலோடு இருப்பதற்கு.

கலைந்த ஊர்

அதே 1916இல் கட்டாய ஆட்சேர்ப்பு நடைமுறைக்கு வந்தது. செப்டெம்பரில் பயிற்சிப் படைகள் மத்தியப்படுத்தப்பட்டன. இறந்தவர்களின் இடங்களுக்கு எந்தக் கவுண்டியிலிருந்தும் ஆட்கள் வந்தனர். 11ஆவது பட்டாலியன் போர் முடியும்வரை இருந்தது. ஆனால் 1914இல் திரட்டப்பட்ட அந்தப் பட்டாலியன் அல்ல அது. ஊர்வாரியாக முழுப் பட்டாலியனையே திரட்டும் முறையை பிரித்தானியா இரண்டாம் உலகப்போரில் பின்பற்றவில்லை.

எஞ்சிய பெயர்கள்

1921இல் போர்த்துறை அலுவலகம் இறந்த சிப்பாய்களின் பட்டியலைப் படையணி வாரியாக 80 பாகங்களில் வெளியிட்டது. 1932இல் திறக்கப்பட்ட தியெப்வால் நினைவுச்சின்னத்தில், கல்லறை அறியப்படாத 72 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் படையணி வாரியாகச் செதுக்கப்பட்டுள்ளன. போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் விதிப்படி கேணலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவான கல்லே வைக்கப்பட்டது.

எல்லாம் பாதுகாக்கப்பட்டுவிடவில்லை. 1940 செப்டெம்பரில் லண்டன் மீதான குண்டுவீச்சில் முதலாம் உலகப்போர் சிப்பாய்களின் தனிநபர்க் கோவைகளில் பாதிக்கும் மேற்பட்டவை எரிந்தன. எனினும் பட்டாலியன்கள் நாள்தோறும் எழுதிய போர் நாட்குறிப்புகள் வேறாக வைக்கப்பட்டிருந்ததால் தப்பின. அவை இன்று பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்தில் எவரும் பார்வையிடக்கூடிய நிலையில் உள்ளன.

கிழக்கு லங்காஷயர் படையணி 1958இல் தெற்கு லங்காஷயருடன் இணைக்கப்பட்டது. அந்தப் பெயரில் இப்போது படையணி இல்லை. ஆயினும் ஒரு பேரனோ பூட்டனோ தன் குடும்பத்தவருக்கு என்ன நடந்தது என்று தேடினால், தனிக்கோவை எரிந்திருந்தாலும் பெயரையும் பட்டாலியன் இலக்கத்தையும் கொண்டு தொடங்கலாம். நாட்குறிப்பு அவர் நின்ற இடத்தைச் சொல்லும். உடல் அடையாளம் காணப்பட்டிருந்தால் கல்லறையின் வரிசையும் இலக்கமும் கிடைக்கும். இல்லையென்றால் தியெப்வால் போன்ற ஒரு நினைவுச்சின்னத்தில் அவரது பெயர் இருக்கும்.