மிதக்கும் ஈயும் மலையக நீர்நிலைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்தின் வரலாறு பெரும்பாலும் நிலத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. காடழிப்பு, கோப்பி, தேயிலை, பிரட்டு, லயன் என்பன அதன் அத்தியாயங்கள். அந்நிலத்தினூடே ஓடிய நீருக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது அதிகம் சிந்திக்கப்படவில்லை. ஹோட்டன் சமவெளிப் பக்கத்தில் ஊற்றெடுத்து அக்கரப்பத்தனை வழியே வரும் ஆக்ரா ஓயாவின் நீரே கொத்மலை ஓயாவாகித் தலவாக்கலையைக் கடக்கின்றது. இத்தகைய மலைநீரில் பிரித்தானியர் ட்ரவுட் என்னும் மீனைக் கொணர்ந்து விட்டனர். அதனைப் பிடிக்க அவர்கள் கையாண்ட செயற்கை ஈயின் கதை, குடியேற்ற ஆட்சியில் அறிவு எவ்வழியே வளர்ந்தது என்பதற்கு ஒரு சிறு சான்றாகும்.

தேசாதிபதி வில்லியம் கிறகரியின் காலத்தில், 1873 இல், நுவரெலியாவில் அவர் பெயர் தாங்கிய வாவி அமைக்கப்பட்டது. 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பழுப்பு ட்ரவுட் இம்மலைநாட்டு நீருக்கு வந்து சேர்ந்தது. அது இங்கு நிலையாக இனம்பெருக்கவில்லை. அந்நூற்றாண்டு முடியுமுன் கொணரப்பட்ட வானவில் ட்ரவுட்டோ ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் வேரூன்றியது. வட அமெரிக்காவின் மேற்குக்கரை அதன் தாயகம். ஓடும் நீரின் பரற்கற்களிடையே முட்டையிடும் இயல்பினதாதலால், தேங்கிய வாவிகளிற் பொரிப்பகக் குஞ்சுகளை விட்டே அதனைப் பேண வேண்டியிருந்தது. 1896 இல் தோன்றிய இலங்கை மீன்பிடிக் கழகம் துரைமாரின் இவ்விளையாட்டை வளர்த்தது.

மீன் வந்த அதே காலத்திலேயே அதனைப் பிடிக்கும் கோட்பாடும் இங்கிலாந்தில் உருப்பெற்றது. தூண்டில் முள்ளிலே சேவலின் கழுத்திறகைச் சுற்றி, நீர்ப்பரப்பின் மேல் மிதக்குமாறு செய்யப்பட்ட பூச்சியுருவே ‘உலர் ஈ’ எனப்படுவது. பிரெடரிக் ஹல்போர்ட் 1886 இலும் 1889 இலும் வெளியிட்ட நூல்கள், மீன் உண்ணும் பூச்சியை நிறத்திலும் உருவிலும் இயன்றவரை ஒத்திருக்கும் ஈயே சிறந்தது என நிலைநாட்ட முயன்றன. தென் இங்கிலாந்தின் சுண்ணக்கல் ஆறுகள் தெளிந்து மெல்ல ஓடுவன. அங்கு குறித்த பருவத்திற் குறித்த பூச்சி தோன்றும். அச்சூழலுக்கு அவர் விதி பெரிதும் பொருந்தியது.

தேங்கிய நீரின் இயல்பு வேறு. ஆற்றிலே மீன் ஓரிடத்தில் நின்று, நீரோட்டம் கொணரும் இரையை எதிர்பார்க்கும். வாவியில் இரையைக் கொண்டுவர ஓட்டமில்லை. மீனே சுற்றித் திரிந்து தேடும். அசையாது கிடக்கும் ஈயை உற்றுநோக்க அதற்குப் போதிய அவகாசம் உண்டு. கீழிருந்து வான்வெளிச்சத்துக்கு எதிராக நோக்கும் மீனுக்கு நுண்ணிய நிற வேறுபாட்டைவிட, ஈயின் பருமனும் நிழலுருவும் அது நீரில் அமர்ந்திருக்கும் விதமுமே முதலிற் புலப்படும். எனவே காற்றடங்கிய காலையிலும் மாலையிலும் கொசுவை ஒத்த கடியாப் பூச்சியின் சிற்றுருவும், கரையிலிருந்து காற்று வீசும் வேளையில் வண்டு அல்லது எறும்பின் உருவும், அந்திவேளையில் நீர்மேல் இழைந்தோடும் செட்ஜ் பூச்சியின் உருவும் தெரியப்படுவது முறை. இங்கிலாந்திலேயே 1904 இல் பிளக்டன் நீர்த்தேக்கம் மீன்பிடிக்குத் திறக்கப்பட்டதன் பின்னர்தான் தேங்குநீர் ட்ரவுட் பிடித்தல் பெருவழக்காகத் தொடங்கிற்று.

மலையகத்தை நோக்குமிடத்து முரண்பாடு மேலும் தெளிவாகும். ஆங்கிலேயரின் ஈக்களுட் பல தம் பெயரிலேயே ஒரு நாட்காட்டியைச் சுமந்தவை. ‘மார்ச் பிரவுண்’ என்றும் ‘மே ஈ’ என்றும் வழங்கும் பெயர்கள் குளிர்காலம் கழிந்து இளவேனில் பிறப்பதை உணர்த்துவன. தலவாக்கலையிலே மார்ச் இரு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம்; மே மாதமோ தென்மேற்குப் பருவக்காற்று நெருங்கி ஆறு கலங்கத் தொடங்கும் காலம். அயன மண்டலத்தின் நீர்ப்பூச்சிகள் பல, ஒரு மாதத்தில் மட்டுமன்றி ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக வெளிப்படுவன. இங்கு ஈயைத் தெரிதற்கு மாதத்தின் பெயர் உதவாது. மழையும் காற்றும் பொழுதுமே வழிகாட்டிகள். மழை விட்டதும் ஈசல் எழும் என்பதைத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த தொழிலாளர் எந்நூலையும் படியாமலே அறிந்திருந்தனர். அத்தகைய அறிவே உண்மையில் இவ்வாவிகளுக்கு வேண்டியிருந்தது.

இம்மலைகளிற் பூச்சியியல் இல்லாமலில்லை. 1899 இல் இ. ஈ. கிறீன் அரசாங்கப் பூச்சியியலாளராக நியமிக்கப்பட்டார். 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. தேயிலைக் கொழுந்தைச் சுருட்டும் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியொன்று தருவிக்கப்பட்டது. விளைச்சலைக் கெடுக்கும் பூச்சியின் வாழ்க்கை முழுமையாக ஆராயப்பட்டது. நீர்மேற் பறந்த பூச்சிக்கோ, பிற நாட்டிற் செய்யப்பட்ட ஈயின் பெயரே போதுமானதாகக் கொள்ளப்பட்டது. பொருளாதாரத் தேவை அறிவைத் தேடச் செய்தது. பொழுதுபோக்கு இரவல் அறிவோடு அமைந்தது எனலாம்.

அறியாமை விளையாட்டோடு நிற்கவுமில்லை. ஹோட்டன் சமவெளியின் ஓடைக்கே உரிய கரிடினா சிங்கலென்சிஸ் என்னும் சிற்றிறாலுக்கு வானவில் ட்ரவுட் ஊறு விளைக்கின்றது என ஆய்வாளர் கருதுகின்றனர். எப்பூச்சியைக் கண்டு மீன் எழும் என்பதை ஆராயாது மீனை விட்டவர்கள், அம்மீன் எதனைத் தின்று தீர்க்கும் என்பதையும் ஆராயவில்லை. அச்சமவெளி 1988 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டபோது, வந்தேறிய மீனும் அதன் எல்லைக்குள்ளேயே இருந்தது.

1972 இலும் 1975 இலும் நிகழ்ந்த காணிச் சீர்திருத்தங்களோடு துரைமாரின் காலம் முடிந்தது. 2012 இல் மேல் கொத்மலைத் திட்டம் நிறைவுற்றபோது தலவாக்கலை நகரின் அருகிலேயே ஒரு தேங்குநீர்ப் பரப்பு உருவாயிற்று. மின்சாரத்துக்காக அதன் கொள்ளளவும் மட்டமும் அளக்கப்படுகின்றன. அதன் மேல் மாலையில் எழும் பூச்சிகளின் பெயரையும் பருவத்தையும் அறிந்து பதிவு செய்வது, அந்நீரருகே வாழும் மக்களின் பிள்ளைகளுக்குரிய பணியாகும். மீனை விடுதலும் தடுத்தலும் அவ்வறிவின் பின்னரே முடிவு செய்யப்பட வேண்டியவை.