வந்து மறையும் பழுது



வைத்தியர் வீட்டு வாசலை மிதித்தவுடன் தணிந்துவிடும் காய்ச்சலைப் போன்றதொரு பிணி மோட்டார் வண்டிக்கும் உண்டு. வெயிலேறிய வேளையிலே, பண்ணைத் தாம்போதியின் நடுவே இயந்திரம் திடீரென நின்றுவிடும். அரைமணி நேரம் கழித்துத் திறப்பைத் திருப்பினால் ஒன்றும் நடவாதது போல இயங்கும். கராஜுக்குக் கொண்டு சென்றாலோ பழுதின் சுவடே தெரியாது. இவ்வாறு வந்து மறையும் பழுதைக் கண்டுபிடிக்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

தீவகத்தவர்க்கு இது பொழுதுபோக்கான ஆராய்ச்சியன்று. வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் யாழ்ப்பாணத்தோடு பிணைக்கப்பட்டுள்ளன. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குச் செல்லும் வண்டிகள் ‘பாதை’ என நாம் வழங்கும் மிதவையிலேறிக் கடலைக் கடக்கின்றன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையிலே படகேற வேண்டும். நெடுந்தீவில் ஒரு வண்டி நின்றுவிட்டால், அதற்குரிய சிறு உறுப்பும் ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம் செய்தே வந்து சேரவேண்டும். பிழையான உறுப்பை வாங்கிவிட்டால் பணமும் போயிற்று, பயணமும் வீணாயிற்று. நோயாளியை இறங்குதுறைக்கு ஏற்றிச் செல்லும் வண்டியாயின், இழப்பு பணத்தோடு நிற்பதில்லை.

முற்கால வண்டிகளில் உணரி என்னும் கருவி இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே அறிமுகமான மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதன் தீப்பொறியை ஆண்டது டிஸ்ரிபியூட்டருக்குள் இருந்த ‘பொயின்ற்’ என்னும் சிறு தொடுமுனை. அதன் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்திற் பதினைந்து பங்கு. பக்கத்தே கொண்டென்சர் என்னும் சிறு குப்பி. இக்கொண்டென்சர் பழுதடையத் தொடங்கினால் குளிர்ந்திருக்கையில் ஒழுங்காக வேலை செய்யும்; சூடேறியதும் கைவிடும். ஆகவே, வந்து மறையும் பழுது இக்காலத்தில் தோன்றிய புதுமையன்று. ஆயினும் அன்று ஐயத்துக்குரிய உறுப்புகள் சிலவே. அனுபவமுள்ள மெக்கானிக் செவியாற் கேட்டும், நல்ல கொண்டென்சர் ஒன்றை மாற்றிப் பார்த்தும் உண்மையை அறிந்துகொண்டார்.

அவ்வெளிமையின் பெருமையை யாழ்ப்பாணம் 1990 களிலே கண்கூடாகக் கண்டது. பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரிதாகிய அந்நாட்களில், பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களைச் சில துளி பெற்றோலினால் இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். புகை மிகுந்தது, இயந்திரம் தேய்ந்தது, எனினும் வண்டி ஓடிற்று.

உலகின் பிற பகுதிகளில் இயந்திரம் வேறு வழியிலே சென்றது. கலிபோர்ணியாவின் நகரங்களை மூடிய நச்சுப்புகையைக் குறைக்கச் சட்டங்கள் எழுந்தன. 1967 இல் ஜேர்மனியின் போஷ் நிறுவனம் மின்னணுவால் ஆளப்படும் எரிபொருள் முறையை வொல்க்ஸ்வேகன் வண்டியிற் பொருத்தியது. 1976 இல் புகைக்குழாயிலுள்ள ஒட்சிசனை அளக்கும் உணரி வொல்வோ கார்களில் வந்தது. பின்னர் வெப்பம், காற்று, சுழற்சி என ஒவ்வொன்றையும் அறிந்து சொல்ல ஒவ்வோர் உணரி ஏற்பட்டது.

இவற்றுள் சுழல்தண்டின் நிலையை அறிவிக்கும் உணரியை நோக்குவோம். பல வண்டிகளில் இது காந்தத்தின்மேல் மெல்லிய கம்பி சுற்றப்பட்ட சிறு சுருள். முதுமையினால் அக்கம்பியில் நுண்ணிய முறிவு ஏற்பட்டால், சூட்டிலே அது விரிந்து தொடர்பு அறும். தீப்பொறி எப்போது வேண்டும் என்பதறியாத கணினி, இயந்திரத்தை நிறுத்திவிடும். குளிர்ந்ததும் கம்பி மீண்டும் பொருந்தும். கொண்டென்சரின் பழைய நோய் வேறு உருவிலே திரும்பிவிட்டது!

எனினும் இம்முறை இயந்திரத்துக்கு நினைவாற்றலும் வாய்த்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும், பழுதைக் குறியீடாகப் பதியும் ஒரே விதமான ஏற்பாடு கட்டாயமாயிற்று. பிற நாடுகளும் அதனைப் பின்பற்றின. பழுது நேர்ந்த கணத்திலே இருந்த வெப்பமும் வேகமும் அதிற் பதியப்படும். பல பழுதுகள் அடுத்தடுத்து இரண்டு பயணங்களில் தோன்றினாலன்றி எச்சரிக்கை விளக்கு எரியாது. பழுதின்றி மூன்று பயணங்கள் கழிந்தால் விளக்கு அணையும். நாற்பது தடவை இயந்திரம் சூடேறியும் பழுது மீளாவிடின் குறியீடும் அழிந்துபோகும். ஆகையால், குறியீட்டை வாசிக்குமுன் பற்றரியைக் கழற்றுவது, சாட்சியை விசாரிக்குமுன் வீட்டுக்கு அனுப்புவதை ஒக்கும்.

சாட்சி சொல்வதையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். பீ 0335 என்னும் குறியீடு, சுழல்தண்டு உணரியின் மின்சுற்றிலே குறை உண்டு என்று மட்டுமே கூறும். குற்றவாளி உணரியாயிருக்கலாம், வயராயிருக்கலாம், இரண்டையும் இணைக்கும் பொருத்தியாயுமிருக்கலாம். உப்புக்காற்று ஓயாது வீசும் நம் தீவுகளிலே, செம்பிற் பச்சைக் களிம்பு படிந்த பொருத்தியே முதலில் ஐயுறத்தக்கது. அதைக் கழற்றித் துடைத்துப் பார்த்தல் முதற்படி. இயந்திரம் ஓடுகையில், சுழலும் பாகங்களுக்குக் கை எட்டாதவாறு வயரை மெல்ல அசைத்துப் பார்த்தல் இரண்டாம் படி. தலைமயிர் உலர்த்தும் கருவியால் உணரியை அளவாகச் சூடேற்றி, பழுது தோன்றுகிறதா எனச் சோதித்தல் மூன்றாம் படி. இவற்றின் பின்னரே புதிய உறுப்பை வாங்குதல் தகும்.

இப்பொறுமையின் விலையை நம் நாடு அண்மையிலும் அறிந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளில் இருந்த வண்டியைக் காப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. ஊகத்தின் பேரில் உறுப்புகளை மாற்றியவரினும், ஆராய்ந்து மாற்றியவரே செலவிலிருந்து தப்பினார்.

வண்டி உடையோர் செய்யத்தக்க உதவி ஒன்றுண்டு. ஒரு சிறு கொப்பியை வண்டியிலே வைத்திருங்கள். இயந்திரம் நின்ற நாள், நேரம், ஓடிய தூரம், வெயிலா மழையா, எவ்வளவு நேரத்தின் பின் மீண்டும் இயங்கியது என்பவற்றை அப்போதைக்கப்போது எழுதுங்கள். கணினி மறந்துவிடுவதைக் கொப்பி மறவாது. மெக்கானிக்கின் முன் பழுது ஒளிந்துகொண்டாலும், அக்குறிப்பு அதனைக் காட்டிக்கொடுக்கும்.