மணிக்கல் அறுப்பு: குருந்தத் தூள் முதல் வைர பிளேடு வரை

மணிக்கல்லை அறுக்க இன்று பயன்படும் வைர பிளேடு, விளிம்பில் வைரத் துகள்கள் பதித்த மெல்லிய எஃகு வட்டத்தகடு ஆகும். மரம் அறுக்கும் வாளுக்கு உள்ளதுபோல் இதற்குப் பற்கள் இல்லை. துகள்கள் கல்லைத் தேய்த்தே அறுக்கின்றன. கல்லைவிடக் கடினமான துகளால் கல்லைத் தேய்க்கும் இந்த நுட்பம் தமிழகத்தில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழக்கில் இருந்தது.

தொல்லியல் சான்றுகள்

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய நகரங்கள் அமைந்த விருதுநகர் மாவட்டத்தில் வைப்பாற்றங்கரையில் உள்ள ஊர் வெம்பக்கோட்டை. இங்குத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 முதல் நடத்திய அகழாய்வுகளில் சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணிகள் கிடைத்தன. பாயும் காளை செதுக்கிய சூதுபவளக் கல்லும் அவற்றுள் ஒன்று. சூதுபவளம் குவார்ட்சு வகையைச் சேர்ந்தது; மோ அளவுகோலில் அதன் கடினம் ஏறத்தாழ 7. வெறும் இரும்பு முனையால் அதைக் குடைய இயலாது.

மணிகள் செய்யப்பட்ட முறையை ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் காட்டுகிறது. நொய்யல் கரையிலுள்ள இவ்வூரில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் அகழாய்வைத் தொடங்கியது. மூலக்கல், பாதி தேய்த்த மணி, துளையிடாத மணி, மெருகேற்றிய மணி என எல்லா நிலைகளிலும் கற்கள் கிடைத்ததால் இது மணிக்கல் தொழிற்கூடம் இருந்த இடம் என உறுதியானது.

குருந்தமும் வைரமும்

கல்லைத் தேய்க்கப் பழங்காலம் முதல் பயன்பட்ட பொருள் குருந்தம். இதன் கடினம் 9. ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் இத்தமிழ்ச் சொல்லோடு தொடர்புடையது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தம் உண்டு. மரபு முறையில், வில்லில் கட்டிய கம்பியைக் குருந்தத் தூளும் நீரும் கலந்த குழம்போடு கல்லின்மேல் இழுத்து அறுப்பர். இதில் துகள் கருவியில் ஒட்டியிராது. கம்பிக்கும் கல்லுக்கும் இடையே உருளும்.

துகளைக் கருவியிலேயே பதிப்பது அடுத்த படி. அரிக்கமேடு, இலங்கையின் மாந்தை ஆகிய இடங்களின் மணிகளில் உள்ள துளைகளை லியோனார்டு கோரெலிக், ஜான் குவினெட் ஆகியோர் மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். அவை வைர முனைத் துரப்பணத்தால் இடப்பட்டவை என்று 1988இல் வெளியிட்டனர். இன்றைய வைர பிளேடும் துகளைப் பதிக்கும் அதே கருத்தில் அமைந்தது.

செயற்கை வைரம் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் 1954 டிசம்பரில் உருவாகி, 1955இல் அறிவிக்கப்பட்டது. இதன்பின் வைரத் துகள் தொழிற்சாலைகளில் பெருமளவில் தயாரானது.

தேர்வும் பராமரிப்பும்

விளிம்பில் வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகப் பிணைப்பும் கல்லோடு சேர்ந்து தேய வேண்டும். அப்போதுதான் மழுங்கிய துகள் உதிர்ந்து, அடியிலுள்ள புதிய துகள் வெளிப்படும். சூதுபவளம், அகேட் போன்ற கடினமான கற்கள் பிணைப்பை மெதுவாகவே தேய்க்கும்; ஆகவே அவற்றுக்கு மென்பிணைப்பு ஏற்றது. மணற்கல் போன்றவை பிணைப்பை விரைவாக அரிப்பதால் வன்பிணைப்பு வேண்டும். விலையுயர்ந்த கல்லுக்கு மெல்லிய தகட்டைத் தேர்ந்தால் தூளாகும் பகுதி குறையும்.

அறுக்காமல் வழுக்கும் பிளேடு பெரும்பாலும் தீர்ந்துபோனதன்று. துகள்கள் மழுங்கி விளிம்பு பளபளப்பாகியிருக்கும். பழைய சாணைக்கல்லில் சில முறை அறுத்தால் துகள்கள் மீண்டும் வெளிப்படும். அறுக்கும்போது கல் அசைந்தால் தகடு வளைந்துவிடும் என்பதால் கல்லை இறுகப் பிடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஈரத்தைத் துடைக்காவிட்டால் எஃகு துருப்பிடிக்கும்.

தொழிலாளர் நலம்

அறுக்கும்போது ஊற்றும் நீர் பிளேடின் சூட்டைத் தணிப்பதுடன் தூசியையும் அடக்குகிறது. குவார்ட்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வருகிறது. அதற்கு முழுக் குணம் தரும் மருந்து இல்லை. குஜராத்தின் கம்பாத் நகரில் அகேட் தொழிலாளர் பலர் இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். ஆகவே நீரின்றிக் கல் அறுப்பது தவிர்க்கப்பட வேண்டியது.