திரையிசையில் பிக் பேண்ட் ஜாஸ்

டிரம்பெட், டிரோம்போன், சாக்ஸபோன் அணிகளும் தாளப் பிரிவும் சேர்ந்த பெரிய ஜாஸ் குழுவைக் காட்சிக்கேற்ப வாசிக்க வைக்கும் பின்னணி இசை, 1950களில் ஹாலிவுட்டில் வேரூன்றியது. குற்றப் படங்களின் இருளுக்கு ஏற்ற ஒலியைத் தேடியபோது பிறந்தது என்று அதைச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். 1946 இறுதியில் புகழ்பெற்ற நடனக் குழுக்கள் பல கலைந்தன. அவற்றுக்கு இசைக்கோப்பு எழுதியவர்கள் புது வேலை தேட வேண்டியிருந்தது. டெக்ஸ் பெனகியின் குழுவில் இருந்த ஹென்றி மான்சினியும், கவுண்ட் பேஸிக்கு எழுதிய ஜானி மாண்டலும் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தது நடன அரங்கின் கைத்தொழிலை. கதவைத் திறந்தவர்கள் அவர்கள் அல்லரே என்று கேட்கலாம். 1951இல் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ படத்துக்கு இசையமைத்த அலெக்ஸ் நார்த்தும், 1955இல் ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்துக்கு இசையமைத்த எல்மர் பெர்ன்ஸ்டைனும் செவ்வியல் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் பெர்ன்ஸ்டைன் தம் ஜாஸ் பகுதிகளுக்கு நாடியது ஷார்ட்டி ரோஜர்ஸையும் டிரம்ஸ் கலைஞர் ஷெல்லி மானையும். இருவருமே ஸ்டான் கென்டனின் பிக் பேண்ட் குழுவில் வளர்ந்தவர்கள்.

அந்தக் கைத்தொழிலை அருகிருந்து கேட்க, 1958இல் தொடங்கிய ‘பீட்டர் கன்’ தொலைக்காட்சித் தொடருக்கு மான்சினி எழுதிய முகப்பிசை போதும். கிட்டாரும் பியானோவும் ஒரே கீழ்ஸ்தாயி வரியை விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. அதன் மேல் பித்தளை வாத்தியங்கள் வெட்டி வெட்டி விழுகின்றன. கீழே வரி மாறாததால்தான் மேலே விழும் ஒவ்வொரு அடியும் ஆபத்தாகக் கேட்கிறது. மனோதர்மம் இல்லாமல் எழுதி வைத்து வாசிப்பது ஜாஸ் ஆகுமா என்ற ஆட்சேபம் இங்கே எழும். பிக் பேண்ட் தொடக்கம் முதலே எழுத்துக்கும் தனி வாசிப்புக்கும் இடையிலான உடன்பாடு. திரை அதைப் புதிதாகக் குலைக்கவில்லை. ஜாஸைக் குற்றத்தோடு பிணைத்துவிட்டது என்ற குறை இதைவிட வலுவானது. போதைக்கு அடிமையானவனும் கொலையாளியும் வரும்போதெல்லாம் சாக்ஸபோன் ஒலித்தது, கறுப்பர்கள் வளர்த்த இசைக்கு இழைக்கப்பட்ட அநீதியே. டியூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் 1959இல் ‘அனாடமி ஆஃப் எ மர்டர்’ படத்துக்கு எழுதிய இசை அதற்குச் சரியான மறுமொழி: கொலை வழக்குதான் கதை, ஆனால் இசை யாரையும் குற்றவாளி என்று சுட்டுவதில்லை, பாத்திரங்களின் தயக்கத்தையும் குறும்பையும் பேசுகிறது.

பின்னாளில் இந்த ஒலியை நாடியவர்களும் எழுத்து முறையோடு வாசிக்கும் முறையையும் மீட்டார்கள். 1962ஆம் ஆண்டின் சாயலில் அமைந்த ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ (2004) படத்துக்கு மைக்கேல் ஜியாக்கினோ அனலாக் நாடாவில் பதிவு செய்தார். அதற்கு இரண்டாண்டு முன்பு ‘கேட்ச் மீ இஃப் யூ கேன்’ படத்தில் ஆல்டோ சாக்ஸபோனை முன்னிறுத்தி 1960களை எழுப்பியவர் ஜான் வில்லியம்ஸ். மான்சினியின் ‘பீட்டர் கன்’ பதிவில் பியானோ வாசித்தவரும் அவரே.