கீரியின் வாயில் ரத்தம்

கதைக்கு ஐந்து உறுப்புகள் என்று பாடநூல் வகுத்துவைத்திருக்கிறது: பாத்திரம், களம், சிக்கல், முடிவு, நீதி. ஒரு கதையைச் சொல்லிப் பிள்ளைகளைக் கட்டங்களை நிரப்பச் சொன்னால் பாடம் முடிந்தது. சேரியில் நடந்த மாலை வகுப்பொன்றில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு நானும் இதையே செய்துகொண்டிருந்தவன்தான். ஒருநாள், ஒரே கதையின் வெவ்வேறு பிரதிகளைக் கரும்பலகையில் பத்தி பிரித்து எழுதிப் பார்த்தோம். அதன் பிறகு இந்தக் கட்டங்களை இயல்பானவை என்று நம்ப முடியவில்லை.

எடுத்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்த கீரிக்கதை. தொட்டில் குழந்தையைக் காப்பதற்காகப் பாம்பைக் கடித்துக் கொன்ற கீரி, வாயில் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடிவருகிறது. பிள்ளையைத்தான் கடித்துவிட்டது என்று நினைத்து அதை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். நீதி: ஆராயாமல் எதையும் செய்யாதே.

'கொன்றுவிடுகிறார்கள்' என்று பன்மையில் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் முதல் கட்டமே, யாரு கொன்னது என்று கேட்கிறது. பிரதிகள் இங்கேதான் பிரிகின்றன.

பஞ்சதந்திரத்தின் பழைய வடிவங்களுள் ஒன்றாகக் கருதப்படும் காஷ்மீரத்துத் தந்த்ராக்யாயிகாவில் கொல்பவன் பிராமணன். மனைவி குளிக்கப் போயிருக்கிறாள். அரண்மனையிலிருந்து தானத்துக்கு அழைப்பு வருகிறது. குழந்தையைக் கீரியிடம் விட்டுவிட்டுப் போகிறான். நாராயணரின் ஹிதோபதேசத்திலும் அப்படித்தான். தாமதித்தால் தானம் இன்னொருவனுக்குப் போய்விடுமே என்ற பதற்றம் அங்கே சேர்ந்துகொள்கிறது. 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும், 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகப்பாவின் கையால் அரபிக்கும் போனபோது பிராமணன் ஜுர்ஜான் நாட்டுத் துறவியானான். கொன்றது அப்போதும் ஆண்தான்.

1199இல் பூர்ணபத்திரர் என்ற சமணத் துறவி தொகுத்த பிரதியில் கை மாறிவிடுகிறது. தண்ணீர்க் குடத்தோடு திரும்பும் தாய், அந்தக் குடத்தையே கீரியின் மேல் போட்டுக் கொல்கிறாள். பிச்சை எடுத்து வீடு திரும்பும் கணவனைப் பார்த்து, உன் பேராசையால் வந்தது இது என்கிறாள். குற்றம் யாருடையது என்பது பிரதிக்குள்ளேயே ஒரு சண்டையாகிறது.

பெண் கொன்றாள் என்ற மரபு அவருக்கு முந்தியது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடலன் கோவலனுடைய பழைய நற்செயல்களைச் சொல்லும்போது இந்தக் கதையும் வருகிறது. அந்த வரிகளில் பாம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. கீரி இறந்துவிட்டது. இனி உன் கையால் உண்டு வாழ்வது தகாது என்று கணவன் வடக்கே போய்விடுகிறான். வடமொழியில் எழுதிய ஏடு ஒன்று மட்டும் அவளிடம் மிஞ்சுகிறது. அதை வைத்துக்கொண்டு வணிகர் தெருவில் வீடுவீடாக அலைகிறாள். கோவலன் அவளுக்காகத் தானம் செய்து, கணவனையும் கூட்டிவைத்துப் பொருளும் தருகிறான். ஆண் கொன்ற பிரதிகளில் அவன் வருந்துவதோடு கதை முடிந்துவிடுகிறது. பெண் கொன்றால் வருத்தம் போதாது, தெருத்தெருவாக அலையவும் வேண்டும். 'முடிவு' என்ற கட்டத்தை நிரப்புவது 'பாத்திரம்' என்ற கட்டம்தான். இதைப் பலகையில் பார்த்த ஒரு சிறுமி, "அம்மா பண்ணாத்தான் தண்டனையா?" என்றாள். இதற்கு எந்தக் கோட்பாட்டு நூலும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

பூர்ணபத்திரரில் இன்னொன்றும் உண்டு. தாய் கீரியைப் பிள்ளைபோல் வளர்க்கிறாள், ஆனாலும் நம்புவதில்லை. கீரிச் சாதியே கெட்டது, என்றாவது குழந்தையை ஏதாவது செய்துவிடும் என்று முதலிலிருந்தே நினைக்கிறாள். அதாவது ரத்தத்தைப் பார்த்த பிறகு சந்தேகம் வரவில்லை. முன்பே இருந்த சந்தேகத்துக்கு ரத்தம் சாட்சியாகிறது. அப்படியானால் 'சிக்கல்' அவசரமா, பிறப்பை வைத்து எழுதிய தீர்ப்பா? இதை நான் விளக்குவதற்கு முன்பே ஒரு பையன் சொன்னான்: "எங்க ஸ்கூல்ல பென்சில் காணாமப் போனா மொதல்ல எங்க பையத்தாண்ணே கொட்டிப் பாப்பாங்க."

நீதி யாருக்குச் சொல்லப்பட்டது என்று அன்றுதான் யோசித்தேன். பஞ்சதந்திரத்தின் சட்டகக் கதையில் விஷ்ணுசர்மன் பாடம் சொல்வது மூன்று அரசகுமாரர்களுக்கு. ஆராயாமல் அடிக்காதே என்பது கையில் கோல் உள்ளவனுக்குச் சொல்லும் புத்திமதி. 1826இல் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையாக்கினார். அவர் புலவராயிருந்த சென்னைக் கல்விச் சங்கம், கும்பெனி அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பித்த இடம். அங்கே படித்தவர்கள் கையிலும் கோல் இருந்தது. கோலை ஒருபோதும் பிடித்திராத பிள்ளைகளிடம் அதே நீதியை மனப்பாடம் செய்யச் சொல்லும்போது, அடிப்பவனின் இடத்தில் நின்று யோசிக்கத்தான் பழக்குகிறோம்.

கொல்லப்பட்டதன் பக்கம் நின்ற வாசிப்பும் வரலாற்றில் இல்லாமல் இல்லை. ஐரோப்பாவில் கீரி நாயாயிற்று. 13ஆம் நூற்றாண்டில், லியோன் நகருக்கு வடக்கே, பிரபு ஒருவன் இப்படித் தவறாகக் கொன்ற நாயைக் குடியானவர்கள் புனித கினபோர் என்று வணங்கினார்கள். தாய்மார் நோயுற்ற குழந்தைகளை அதன் சமாதிக்குக் கொண்டுவந்தார்கள். விசாரணைக்கு வந்த டொமினிக்கன் துறவி எத்தியேன் தெ பூர்போன், நாயின் எலும்பைத் தோண்டியெடுத்து, தோப்பையும் வெட்டி எரிக்கச் செய்தார். குழந்தைகளின் உயிருக்கே ஆபத்தான சடங்குகளும் அங்கே நடந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வழிபாடு அத்தோடு அழியவில்லை, பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது என்பதை ழான் கிளோத் ஷ்மித் 1979இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. எழுதத் தெரியாதவர்கள் அந்தக் கதையின் 'முடிவை' மாற்றிக் கட்டிக்கொண்டார்கள்.

எனவே பிரதிகளை ஒப்பிடுவது என்பது 'ஆறு வித்தியாசம் கண்டுபிடி' விளையாட்டு அல்ல. எது மாறுகிறது, மாறினால் யாருக்கு லாபம், எது மாறாமலே இருக்கிறது என்று கேட்கச் சொல்லிக்கொடுப்பது. இந்தப் பிரதிகளிலெல்லாம் மாறாத ஒன்று, விலங்கு சாவது.

அன்று கடைசியில் 'நீதி' என்ற கட்டத்தை நான் நிரப்பவில்லை. நீங்களே எழுதுங்கள் என்று சாக்பீஸை நீட்டினேன். பென்சில் கதை சொன்ன பையன்தான் எழுந்து வந்தான். கோணல்மாணலாக எழுதினான்: 'கீரிக்கு இன்னும் கெடைக்கல.'